பூட்டு உள்ளதா, இல்லாததா?

“தம்பி, ரெண்டும் ஒண்ணுதானே, அப்புறம் இதுல மட்டும் ஏன் ஓட்டை?” என்றார் அந்த அண்ணன். டெக்சாஸில் நான் வேலை பார்க்கும் துப்பாக்கிக் கடை. கவுண்டர் மேல் இரண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர்கள், ஒன்றில் உள்பூட்டு உண்டு, மற்றதில் இல்லை. ஐந்து குண்டு, .38 ஸ்பெஷல் என்கிற தோட்டா ரகம். சிலிண்டரைத் திறக்கும் பொத்தானுக்கு மேலிருந்த சின்னச் சாவித்துளையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

சாவியைத் திருப்பினால் ட்ரிக்கர் அசையாது என்று காட்டினேன்.

“அவசரத்துல தானா பூட்டிக்கிச்சுன்னா?”

இதைவிடப் பலமான தோட்டா சுடும், எடை குறைந்த மேக்னம் ரகங்களில் சுடும் அதிர்வில் அப்படி நடந்ததாகச் சொல்கிறார்கள், நான் பார்த்ததில்லை என்றேன். அவ்வளவுதான், பூட்டில்லாததை எடுத்துக்கொண்டார். கேஸ் ஸ்டேஷன் கல்லாவுக்குக் கீழே வைக்கத்தானாம். படிவம், சரிபார்ப்பு எல்லாம் முடிந்து கிளம்பும்போது சொன்னார்: “நைட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். சின்னவளுக்கு நாலு வயசு, எட்டாத இடத்துல வெச்சுக்கறேன்.”

நான் சொன்னதில் பொய் இல்லை. கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்வதுதானே என் வேலை? ஆனால் மேக்னம் பற்றி நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் அவரை முடிவெடுக்க வைத்தது.

இந்தப் பூட்டைத் திட்டுகிற பலருக்குக் கோபம் இயந்திரத்தின் மேல் இல்லை. 2000இல், துப்பாக்கியில் பூட்டு வைப்பது உட்படப் பல கட்டுப்பாடுகளுக்குச் சம்மதித்து கிளின்டன் அரசோடு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒப்பந்தம் போட்டதும், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அந்தக் கம்பெனியைப் புறக்கணித்தார்கள். மறுவருடம் கம்பெனி 15 மில்லியன் டாலருக்குக் கைமாறியது. வாங்கியது துப்பாக்கிப் பூட்டு செய்கிற கம்பெனி. இந்தச் சாவித்துளை அதற்குப் பிறகு வந்தது. டெக்சாஸில் அந்தப் பழைய கோபம் இன்னும் கவுண்டர் வரை வருகிறது. என் பதிலிலும் அது கலந்திருந்ததோ என்னவோ.

சட்டப்படி கேபிள் பூட்டு ஒன்றும் கொடுத்தனுப்பினோம். அதை மாட்டக் குண்டுகளை எடுத்து, சிலிண்டரைத் திறந்து, கம்பியை நுழைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் கடையில் நின்றுவிட்டு வருகிறவர் தினமும் அதைச் செய்வாரா? உள்பூட்டுக்குச் சாவியை ஒருமுறை திருப்பினால் போதும். சரி, அதையாவது திருப்புவாரா? உள்பூட்டு உள்ளதை வாங்குகிறவர்களிலேயே பலர் சாவியை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். விரல்ரேகைப் பெட்டி ஒன்றையும் காட்டினேன். “அடுத்த மாசம் பார்க்கலாம் தம்பி” என்றார்.

இப்போதெல்லாம் வீட்டில் குழந்தை உண்டா என்று கேட்ட பிறகுதான் மற்றதைப் பேசுகிறேன். அதுதான் சரியான வரிசை என்று தோன்றுகிறது. சில நாள், வாங்குகிறவர் எடுக்க வேண்டிய முடிவை நான் எடுத்துக் கொடுக்கிறேனோ என்றும் தோன்றுகிறது.