ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழை விட்டு, வேளச்சேரியில் எங்கள் தெருத் தண்ணீர் ஒருவழியாக வடிந்ததும் ஆளாளுக்கு என்னைக் கேட்டது ஒன்றுதான்: "சார், புகை அடிக்க எப்ப வருவாங்க?" சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொசுப் புகார் எல்லாம் என் வாசலுக்கே வரும்.

புகை வண்டி என்றால் சத்தம் கேட்கும், டீசல் வாடை அடிக்கும், வேலை நடப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். டெங்கு பரப்பும் ஏடிஸ், வீட்டுக்குள் கட்டிலுக்கடியிலும் கொடித் துணியிலும் ஒதுங்கிக் கிடக்கும். நாமோ வண்டிச் சத்தம் கேட்டதுமே சன்னலைச் சாத்திவிடுகிறோம். தண்ணீரில் இருக்கும் கொசுப் புழுவுக்கோ புகையால் ஒன்றும் ஆகாது.

அடித்துக்கொண்டு ஓடும் வெள்ளம் பழைய புழுவையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். சாக்கடை கலந்த குட்டையில் பெருகுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ், ராத்திரி காதில் ரீங்காரம் போடுகிற ரகம். ஏடிஸுக்குத் தோது செய்து கொடுப்பது அதற்குப் பிறகு நாம்தான். சம்ப்பில் சாக்கடை புகுந்ததால் லாரித் தண்ணீரை டிரம், அண்டா, குடம் என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைத்தோம். கெட்டுப்போன ஃப்ரிட்ஜும் வாளியும் டயரும் தெருவோரம் குவிந்தன. அடுத்த தூறலுக்கு அத்தனையிலும் தண்ணீர்.

டார்ச்சும் புழுவைக் கொல்லும் அபேட் மருந்துமாக, வீடு வீடாகக் கொசுப் புழு தேடி வந்த சுகாதாரப் பணியாளரான டிபிசி பெண்ணை ஒரு மாடி வீட்டில் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். "எங்க வீடு சுத்தமாத்தாம்மா இருக்கு." நான் கூடப் போய்ச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். அவர் நேராக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்த் தட்டை உருவினார். டார்ச் வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. "இதுல தண்ணி நிக்கும்னே தெரியாதே!" என்றார் வீட்டம்மா.

கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஏடிஸ் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரியும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாளில் கொசு.

டிரம்மில் அபேட் ஊற்றினால் பயந்து, டிபிசி பெண் தெருமுனை திரும்புவதற்குள் தண்ணீரைக் கொட்டிவிடுபவர்கள் உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை குடிநீரிலேயே கலக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நிலவேம்புக் கஷாயத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இதற்கு மட்டும் முகம் சுளிப்பது ஏனோ!

பெரிய தலைவலி, பூட்டிக் கிடந்த ஒரு வீடு. உரிமையாளர் வெளிநாட்டில், மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி கிடையாது. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கலாம்தான். யாரிடம் கொடுப்பது? கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் சுவரேறிப் போய், பழைய கொசுவலையை இரண்டாக மடித்துத் தொட்டி வாயில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தான்.