4 இன்ச் மெஷினில் 7 இன்ச் பிளேடு மாட்டாதீர்கள்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையானாலும் கிரில் வேலையானாலும் கையில் பிடித்து வெட்டும் கிரைண்டர் இல்லாமல் வேலை நடக்காது. பிளேடை மூடியிருக்கும் கார்டைத்தான் பலர் முதலில் கழற்றிப் போடுகிறார்கள். 4 இன்ச் பிளேடு கனமான கல்லில் முழுதாக இறங்காது. 7 இன்ச் மாட்டினால் கார்டு இடிக்கும், அதனால்தான்.

7 இன்ச் பிளேடில் பெரும்பாலும் 8,500 ஆர்பிஎம் என்று அச்சிட்டிருக்கும்; நிமிடத்துக்கு அத்தனை சுற்றுதான் அதன் உச்ச வரம்பு. 4 இன்ச் மெஷின் சுமையில்லாமல் 11,000 வரை சுற்றும். பிளேடைப் பிய்த்தெறியும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், அது தாங்க வேண்டியதைப் போல 1.6 மடங்குக்கும் மேல் வாங்குகிறது. பிளேடின் நடுத் துளையும் பொருந்தாது, புஷ் (இடைவெளியை அடைக்கும் வளையம்) வைத்து ஒப்பேற்றினால் மையம் விலகி அதிரும். உடைந்து பறக்கும் சில்லைத் தடுக்கக் கார்டும் இல்லை. ஆழம் வேண்டுமென்றால் 7 இன்ச் மெஷினையே எடுங்கள்.

அடுத்தது துள்ளல். ஸ்லாபின் இரு முனையிலும் மட்டும் கட்டை கொடுத்து நடுவில் வெட்டினால், ஆழம் கூடக்கூடக் கல் தொய்ந்து வெட்டுவாய் மூடிக்கொள்ளும். பிளேடு கவ்வப்பட்டதும் மெஷின் ஆளை நோக்கி எகிறும். சுதாரிக்க நேரமே இருக்காது. வெட்டுக்கோட்டின் இருபக்கமும் நெருக்கமாகக் கட்டை கொடுங்கள். கோட்டுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். சைடு ஹேண்டில் எப்போதும் இருக்கட்டும். ஓடும் பிளேடை வெட்டுக்குள்ளேயே திருப்பி வளைவு எடுப்பதும் இதே துள்ளலில்தான் முடியும்.

கரண்ட் போனால் உடனே சுவிட்ச் லாக்கை விடுவித்து பிளக்கைப் பிடுங்குங்கள். லாக் போட்டபடி கீழே வைத்த மெஷின், கரண்ட் வந்ததும் தானே ஓடத் தொடங்கும். பிளேடு மாற்றும்போதும் பிளக் வெளியே இருக்க வேண்டும். தளர்ந்த துணிக் கையுறையும் கழுத்துத் துண்டும் பிளேடில் சுற்றிக்கொள்ளும், அவை வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் பட்டால் திசு கெட்டுவிடும்.