அடுத்தவர் படகில் ஆயிரம் மைல்

மே 9, வியாழன். ஸ்டூவர்ட், ஃபுளோரிடா

கேப்டனும் நானும் வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய படகு, வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. 46 அடி நீளம், இரண்டு டீசல் எஞ்சின், நீருக்குக் கீழே நாலரை அடி. ஆனால் பதினான்கு மாதமாக யாரும் கயிற்றை அவிழ்க்கவில்லை. இருபது வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கழித்தவன் என்பதால் எனக்குப் பளபளப்பில் ஆர்வம் இல்லை. தரைப்பலகையைத் திறந்து கீழே இறங்கினேன்.

கடல்நீரை இழுக்கும் பம்புகளுக்குள் சுழலும் ரப்பர் இறக்கைகளான இம்பெல்லர்கள் இரண்டும் விறைத்துப்போயிருந்தன. மாற்றினேன். பெல்ட், பேட்டரி, அடிவால்வு எல்லாம் பார்த்தாயிற்று. எரிபொருள் தொட்டிதான் உறுத்துகிறது. அடியிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் கீழே இரண்டு விரற்கடை தண்ணீர், அதன்மேல் கறுப்பாக ஒரு வழவழப்பான படலம், அதற்கும் மேலே டீசல். தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் குடியேறிவிடும். ஓடாத படகில் அவற்றுக்கு ராஜவாழ்க்கை.

தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்பலாம் என்று கேப்டன் உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. அந்தத் தேதிக்குள் படகு 35 டிகிரி வடக்கு அட்சரேகையைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது அவருடைய காப்பீட்டில் உள்ள நிபந்தனை. சேர வேண்டிய இடம் வர்ஜீனியாவின் நார்ஃபோக். கேப்டன் ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய் இரண்டு டஜன் ஃபில்டர் வாங்கிவந்தார்.

மே 11, சனி. வீரோ பீச்

காலையில் புறப்பட்டோம். நார்ஃபோக்கில் பூஜ்யத்தில் தொடங்கும் மைல் கணக்கு, ஸ்டூவர்ட் அருகே 987. மியாமி வரை போனால் ஏறக்குறைய 1,090. கடலோரமாக, மணல்தீவுகளுக்கு உட்புறமாக, காயல்களையும் ஆறுகளையும் வெட்டிய கால்வாய்களையும் கோத்துச் செய்த இந்த வழிக்கு இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று பெயர். நம் ஊர் பக்கிங்காம் கால்வாயை நினைத்துக்கொள்ளலாம். இதை ராணுவப் பொறியாளர் படை இன்றும் தூர்வாருகிறது. அதை நாம் என்ன செய்தோம் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

தெற்கு நோக்கிப் போவதையே கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வருவதாகக் கொண்டு, சிவப்பு வலக்கைப் பக்கம் வரும்படி அடையாளக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள். அதனால் வடக்கே போகும் எங்களுக்குச் சிவப்பு இடக்கைப் பக்கம், பச்சை வலக்கைப் பக்கம். குறுக்கே ஒரு துறைமுகத்தின் வழி வெட்டிப்போகும் இடத்தில் நிறம் குழப்பும். அங்கே சிறிய மஞ்சள் முக்கோணமோ சதுரமோ ஒட்டியிருக்கும். முக்கோணம் என்றால் சிவப்புப் பக்கம், சதுரம் என்றால் பச்சைப் பக்கம்.

இந்தியன் ரிவர் என்று பெயர், ஆனால் ஆறு அல்ல, காயல். அகலத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. வழியை விட்டு விலகினால் முழங்கால் ஆழத்தில் கொக்கு நிற்கிறது. கடற்பசுக்களுக்காக வேகக்கட்டுப்பாடு வேறு. சனிக்கிழமை என்பதால் ஊரிலுள்ள படகெல்லாம் தண்ணீரில்தான் இருந்தன. 35 மைல்தான் வர முடிந்தது.

மே 14, செவ்வாய். செயின்ட் அகஸ்டின்

மட்டான்சாஸ் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மணல் எப்போதும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் வழியைக் காட்டும் மெஜந்தா நிறக் கோடு ஒன்று உண்டு. அதை வேதவாக்காக நம்பித் தரைதட்டியவர்கள் ஏராளம். 2013-இல் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா அந்தக் கோட்டை நீக்கத் தொடங்கியது. படகோட்டிகள் கூச்சல் போட்டதும் வைத்துக்கொண்டது. இன்று எங்கள் கண்ணெதிரே ஒரு பாய்மரப் படகு அந்தக் கோட்டின் மேலேயே துல்லியமாகப் போய்த் துல்லியமாக மணலில் உட்கார்ந்தது. நீர் ஏறும் நேரம்தான், ஒரு மணியில் மிதந்துவிடும் என்று கேப்டன் வானொலியில் ஆறுதல் சொல்லிவிட்டு மிதவைகளைப் பார்த்தே ஓட்டினார்.

ஜாக்சன்வில்லிலிருந்து மனைவி வந்திருந்தாள். மூன்று நாளைக்குக் கெடாது என்று ஒரு பெரிய டப்பாவில் புளியோதரை. "வீட்டு வாசல் வழியாகத்தான் நாளைக்குப் போகப்போகிறீர்கள், இறங்கித்தான் ஏறுங்களேன்" என்றாள். அடுத்தவர் படகை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்க முடியாது என்றேன். அவளுக்கு அது சாக்காகத்தான் பட்டிருக்கும்.

மே 17, வெள்ளி. தண்டர்போல்ட், ஜார்ஜியா

இரண்டு நாள் கதையைச் சேர்த்து எழுதுகிறேன். தூங்கி எழுந்த பிறகுதான் கை எழுதுகிறது.

ஜார்ஜியாவின் உள்வழி பாம்புபோல் வளையும். கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏழெட்டு அடி வித்தியாசம். தூத்துக்குடியில் ஓதம் என்றால் முட்டளவு. இங்கே காலையில் மிதந்த இடம் மாலையில் சேறாகக் கிடக்கும். அதனால் பலர் இந்த மாநிலத்தையே வெளிக்கடல் வழியாகத் தாண்டிவிடுவார்கள். நாங்களும் நேற்று நண்பகல் ஃபெர்னாண்டினாவிலிருந்து வெளியே போய் விடியலில் சார்ல்ஸ்டன் சேர்வதாகத் திட்டம். காற்று அடக்கம். பழைய புயல் ஒன்றின் நீண்ட அலை மட்டும் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது.

அந்த ஆட்டம் போதுமானதாக இருந்தது. பதினான்கு மாதம் அடியில் உறங்கிய கசடு எழுந்துகொண்டது. ஓசபா தீவுக்கு வெளியே இரவு 8.40-க்கு இடது எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றது. ஃபில்டர் கிண்ணத்தில் டீசல் தெரியவில்லை, கறுப்புக் கஞ்சி தெரிந்தது. சுடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபில்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, மறுபடி ஓடவைக்க இருபத்தைந்து நிமிடம். ஓடியது முப்பது நிமிடம். மறுபடி மாற்றினேன். அப்போதே ஃபில்டர் அடைபடுவதைக் காட்டும் வலது எஞ்சினின் உறிஞ்சு அளவைமானி சிவப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்துக்குத்தான் இரட்டை எஞ்சின். இரண்டு தொட்டியிலும் ஒரே அழுக்கு என்றால் அந்தத் தைரியம் வெறும் கணக்குதான்.

சார்ல்ஸ்டன் வேண்டாம், சவானா முகத்துவாரத்துக்குப் போகலாம் என்றார் கேப்டன். அது பெரிய கப்பல்கள் போகும் ஆழமான வழி, நன்கு விளக்கேற்றிய வழி. ஆனால் எஞ்சின் எப்போது நிற்கும் என்று தெரியாத படகை இருட்டில் கன்டெய்னர் கப்பலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த அவருக்கு மனமில்லை. வெளி மிதவைக்கு அப்பால் விடியும்வரை மெதுவாக உலாவினோம். அவர் சுக்கானில், நான் கீழே டார்ச்சும் ஸ்பேனரும் பிடித்துக்கொண்டு. விடியும் முன்பே புளியோதரை தீர்ந்துவிட்டது. பாதியை அவர் சாப்பிட்டார்.

மே 20, திங்கள். தண்டர்போல்ட்

டீசலை உறிஞ்சி, பெரிய ஃபில்டர்கள் வழியாகச் செலுத்தி, தொட்டிக்கே திருப்பி அனுப்பும் இயந்திரத்துடன் ஒருவர் வந்தார். இரண்டு நாள் ஓடியது. பரிசோதனைக்காகத் தொட்டியில் இருக்கும் மூடியைத் திறந்து நானும் கையை விட்டு வழித்தேன். முழங்கை வரை தார்.

உரிமையாளர் தொலைபேசியில், "இவ்வளவு மோசம் என்றால் ஸ்டூவர்ட்டிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். கேப்டன் குரலை உயர்த்தவில்லை. மே 9-ஆம் தேதி மின்னஞ்சலை ஒரு சொல்லும் சேர்க்காமல் மறுபடி அனுப்பினார். பணம் அன்று மாலையே வந்தது.

மே 24, வெள்ளி. லிட்டில் ரிவர், தென் கரோலினா

மூன்று நாளாக எஞ்சின் சத்தத்தில் குறை இல்லை. பியூஃபர்ட், சார்ல்ஸ்டன், ஜார்ஜ்டவுன் என்று இரவுகள் கழிந்தன. தென் கரோலினாவில் இருப்பது பியூஃபர்ட். வட கரோலினாவில் அதே எழுத்துகளை எழுதி போஃபர்ட் என்கிறார்கள். மாற்றிச் சொன்னால் இரு ஊர்க்காரர்களும் திருத்துவார்கள்.

இன்று வக்கமா ஆறு. இந்த வழி முழுவதிலும் எனக்குப் பிடித்தது இதுதான். காப்பி டிகாக்ஷன் நிறத் தண்ணீர், கரைநெடுக சைப்ரஸ் மரங்கள், கிளைகளில் நரைத்த தாடிபோல் தொங்கும் பாசி. அடையாளக் கம்பத்துக்குக் கம்பம் விராலடிப்பான் கூடு கட்டிக் குஞ்சு வைத்திருக்கிறது. பக்கத்தில் போனால் தாய்ப்பறவை நம்மைத் திட்டுகிறது.

இரு கரைகளிலும் நாணல் மண்டிய சதுரங்கள் தெரியும். ஒரு காலத்தில் அத்தனையும் வயல். ஜார்ஜ்டவுன் அமெரிக்காவின் அரிசிக்குப் பேர்போன சீமையாக இருந்தது. கடல் ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீரை மேலே தள்ளும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் வைப்பார்கள், வற்றத்தில் வடிப்பார்கள். சதுப்பில் சைப்ரஸ் காட்டை வெட்டி, வரப்புப் போட்டு, மதகு வைத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். அங்கே தலைமுறையாக நெல் விளைத்தவர்களின் கைப்பழக்கமும் சேர்ந்தே விலைபேசப்பட்டது. அடிமைமுறை ஒழிந்த பிறகு சம்பளம் கொடுத்து இப்படி ஒரு விவசாயத்தைச் செய்ய முடியவில்லை. வரப்பின் மேடு மட்டும் இன்னும் கரையவில்லை. சோறு தின்கிற ஊரிலிருந்து வந்தவன், ஒரு வரப்பைப் பார்த்தால் எத்தனை ஆள் எத்தனை நாள் என்று மனம் கணக்குப் போடுகிறது.

மதியத்துக்குப் பிறகு மிர்ட்டில் பீச்சுக்குப் பின்னால் "ராக் பைல்" என்ற பாறை வெட்டு. 1930களில் வெட்டியது. குறுகலான வழி, இரு பக்கமும் நீருக்குள் மறைந்த பாறைத்திட்டு. எதிரே சரக்குத் தெப்பம் வந்தால் ஒதுங்க இடமில்லை. நுழையும் முன் வானொலியின் 16-ஆம் சேனலில் அறிவித்துப் பதில் வராததை உறுதிசெய்துகொண்டு போனோம். மணலில் தட்டினால் மானம் போகும், இங்கே தட்டினால் படகே போகும்.

மே 26, ஞாயிறு. சௌத்போர்ட்

நகரவில்லை. போரில் இறந்த வீரர்களுக்கான நினைவு நாளை ஒட்டிய நீண்ட விடுமுறை. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் நடுவே அடுத்தவர் படகைக் கொண்டுபோக மாட்டேன் என்கிறார் கேப்டன். துணி துவைத்தேன். உரிமையாளர் மூன்று முறை அழைத்தார்.

மே 28, செவ்வாய். ஸ்வான்ஸ்போரோ, வட கரோலினா

ரைட்ஸ்வில் பீச் பாலம் பகலில் மணிக்கு ஒருமுறைதான் திறக்கும். எங்கள் கொடிக்கம்பம் 23 அடி, மூடிய பாலத்தின் அடியில் 20 அடி. காலை ஏழு மணித் திறப்பில் தாண்டினோம். அடுத்த பாலம் ஐந்து மைலில். அது அரைமணிக்கு ஒருமுறை திறக்கும். எங்கள் வேகத்தில் ஐந்து மைலுக்கு முப்பத்திரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏழரைக்குப் பாலம் திறந்து மூடுவதைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே போனோம். வேகம் கூட்டலாம்தான், ஆனால் நம் அலை அடித்து யார் வீட்டுப் படித்துறையாவது உடைந்தால் பொறுப்பு நம்முடையது. எட்டு மணிவரை வட்டமடித்தோம்.

மே 29, புதன். ஓரியண்டல்

நியூஸ் ஆற்றில் மாலை 4.10-க்கு ஜிபிஎஸ் திரையில் 35 டிகிரி. கேப்டன் திரையைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதன்பிறகு அழைப்பே இல்லை. இருபது நாளாக இந்தப் படகில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தது இப்போதுதான் புரிகிறது.

மே 31, வெள்ளி. பெல்ஹேவன்

காற்று. ஆல்பமார்ல் நீர்ப்பரப்பு ஐம்பது மைலுக்கு மேல் நீளம், ஆழமோ பெரும்பாலும் இருபது அடிக்குள்தான். இந்த அமைப்பில் காற்று எழுந்தால் அலை உயரமாக இல்லை, செங்குத்தாக, நெருக்கமாக வரும். காத்திருக்கிறோம். தேதி இல்லாதபோது காத்திருப்பது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

அதைத் தாண்டினால் நார்ஃபோக்குக்கு இரண்டு வழி. ஒன்று டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். 1793-இல் தோண்டத் தொடங்கி 1805-இல் திறந்தது. அதுவும் அடிமைகள் கையால் வெட்டியதுதான். சென்னையில் காக்ரேன் என்ற வணிகர் எண்ணூருக்குக் கால்வாய் வெட்டியது அடுத்த ஆண்டு, 1806. எனக்கு இந்த வழியில் போகவேண்டும் என்று ஆறு வருட ஆசை. கேட்டேன். "நீருக்குள் மரக்கட்டை மிதக்கும். உன் படகென்றால் போ" என்றார் கேப்டன்.

இரண்டாவது வழியில் போகிறோம்.

ஜூன் 2, ஞாயிறு. நார்ஃபோக், மைல் 0

நேற்று காயின்ஜாக். அங்கே தட்டை மறைக்கும் அளவு மாட்டிறைச்சித் துண்டு பிரசித்தம். கேப்டன் இரண்டு வேளைக்கு வைத்துச் சாப்பிட்டார். இன்று கிரேட் பிரிட்ஜ் மதகுத்தொட்டி, இரு பக்க நீர்மட்டத்தையும் சமன்செய்து படகை விடும் இடம். உள்ளே புகுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் முன்கதவு திறப்பதற்குள் நீர் ஓரிரு அடிதான் மாறுகிறது. கதவைத் தாண்டினால் போர்க்கப்பல்கள், கிரேன்கள். மாலை 3.50-க்குச் சிவப்பு மிதவை 36. மைல் கணக்கு அங்கே பூஜ்யம்.

ஜூன் 3, திங்கள்

டிகாக்ஷன் நிறத் தண்ணீரில் வந்த படகுகளுக்கெல்லாம் வெள்ளை முன்முனையில் பழுப்பு மீசை முளைத்துவிடும். ஒப்படைக்கும் முன் அதை எடுப்பது என் வேலை. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த திரவத்தைத் தடவி, ஊறவைத்து, தேய்த்துக் கழுவ மூன்று மணி நேரம். அம்மா குத்துவிளக்குக்குப் புளி தடவி ஊறவைப்பது ஞாபகம் வந்தது.

பதினோரு மணிக்கு உரிமையாளர் வந்தார். நல்ல மனிதர், நேரில் பார்த்தால். சுற்றிப் பார்த்துவிட்டு முன்னால் வந்து நின்றார்.

"மீசையைக் காணோமே? நண்பர்களுக்குக் காட்டலாம் என்று இருந்தேன்."

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் கையுறையைக் கழற்றினேன்.

இருபத்து நான்கு ஃபில்டரில் பத்தொன்பது தீர்ந்திருந்தது. மீதி ஐந்தை எஞ்சின் அறை அலமாரியில் அடுக்கி, கடைசியாக மாற்றிய தேதியையும் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கையும் ஒட்டிவிட்டு இறங்கினேன். அடுத்த முறை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, ஆகஸ்டில் நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்றார். ஜாக்சன்வில்லுக்கு விமானம் மாலை ஆறு மணிக்கு.