எஃப்.என்.பி எடுக்கவா, ஏ.ஜி எடுக்கவா?

அமெரிக்காவில் சில வருடம் ஆர்.என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேலை பார்த்துவிட்டு, அடுத்து நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதுகிற நர்ஸ்) படிக்கலாம் என்று யோசிக்கிற நம் ஊர் நர்ஸ்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எஃப்.என்.பி எடுக்கவா, ஏ.ஜி எடுக்கவா?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் பதில் போடுவதைவிட இங்கே ஒருமுறை விரிவாக எழுதிவிடுகிறேன். எஃப்.என்.பி என்பது ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர், எல்லா வயதினரையும் பார்க்கிற பிரிவு. நான் படித்தது அடல்ட்-ஜெரன்டாலஜி பிரைமரி கேர், அதாவது பெரியவர்களுக்கும் முதியோருக்குமான பிரிவு, சுருக்கமாக ஏ.ஜி. வயதானவர்களைப் பார்ப்பதில் மனம் போகிறது என்றால் ஏ.ஜி எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதைவிட முக்கியமானது, காலேஜின் பெயரையும் ஃபீஸையும் மட்டும் பார்த்துச் சேராமல், கிளினிக்கல் மணி நேரத்தை, அதாவது நோயாளிகளை நேரில் பார்த்துக் கற்கிற பயிற்சியை, உங்களை எங்கே, யாரிடம் செய்ய வைப்பார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேர்வது.

1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கியபோது அது குழந்தைகளுக்கானதாகத்தான் இருந்தது. பெரியவர்களுக்கு ஒன்று, முதியோருக்கு ஒன்று என்று தனிப் பிரிவுகள் அப்புறம் வந்தன. முதியோர் பிரிவில் சேர ஆள் குறைவு, நாட்டில் முதியோர் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது. 2008-இல் வந்த கன்சென்சஸ் மாடல் என்கிற தேசிய ஒழுங்குமுறை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. அதனால் ஏ.ஜி முடித்தவர்கள் பதின்ம வயதுப் பிள்ளைகளிலிருந்து நூறு வயதுப் பாட்டி வரை பார்க்கலாம், சின்னக் குழந்தைகளைப் பார்க்க முடியாது. எஃப்.என்.பி பார்க்கிற நோயாளிகளுக்கு வயது வரம்பே இல்லை. வேலை விளம்பரங்களிலும் எஃப்.என்.பி என்றே அதிகம் கேட்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அர்ஜென்ட் கேரில் (அவசரமாக வருகிற சின்னச் சின்ன உபாதைகளைப் பார்க்கிற கிளினிக்) வேலை செய்ய ஆசை என்றால் தயங்காமல் எஃப்.என்.பி போங்கள். இன்னொன்று, ஏ.ஜி-யிலேயே பிரைமரி கேர் (வழக்கமான தொடர் கவனிப்பு), அக்யூட் கேர் (கடுமையாக நோயுற்றவர்களுக்கான கவனிப்பு) என்று இரண்டு உண்டு, இரண்டுக்கும் பரீட்சை வேறு, வேலையும் வேறு. விண்ணப்பத்தில் எதை டிக் செய்கிறீர்கள் என்று கவனமாகப் பாருங்கள்.

படிப்பில் எந்தப் பிரிவானாலும் மூன்று பாடங்கள் கட்டாயம்: நோய் எப்படி உண்டாகிறது என்கிற பேத்தோஃபிசியாலஜி, உடல் பரிசோதனை, ஃபார்மகாலஜி, மூன்றும் அட்வான்ஸ்ட் நிலையில். இதில் ஏ.ஜி மாணவருக்கு உயிர்நாடி ஃபார்மகாலஜிதான். நாம் ஊரில் பி.எஸ்ஸி நர்சிங் படித்தபோது எந்த மருந்தை எப்படிக் கொடுப்பது என்று படித்தோம், இங்கே எதை நிறுத்துவது என்று படிக்கிறோம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 30 வயது, 70 கிலோ ஆண், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.0. காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால் சிறுநீரகத் திறன் நிமிடத்துக்கு சுமார் 107 மில்லி வரும். அதே 1.0 கிரியாட்டினின் உள்ள 84 வயது, 50 கிலோ பாட்டிக்கு வருவது சுமார் 33. லேப் ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் 'நார்மல்' என்றே இருக்கலாம். அந்த நார்மலை நம்பி இளைஞனுக்குக் கொடுக்கிற அளவில் பாட்டிக்கும் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிற கேபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தை எழுதிக் கொடுத்தால் அது உடலில் தேங்கித் தள்ளாடி விழுவார், இடுப்பு எலும்பு முறியும், அதோடு வீட்டில் தனியாக இருந்த வாழ்க்கையே முடிந்து போகலாம். இந்த ஒரு சங்கிலி மனதில் பதிந்துவிட்டால் வயதானவருக்கு மருந்து எழுதும்போது கை தானாக ஒரு நிமிடம் நிற்கும்.

இன்னொரு சங்கிலியும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுப்பார்கள், அதனால் கால் வீங்கும். வீக்கத்துக்கு ஃப்யூரோஸ்மைடு, அதனால் அடிக்கடி சிறுநீர், சில சமயம் அடக்க முடியாமல் போகும். அதற்கு ஆக்ஸிபியூட்டினின், அதனால் மனக்குழப்பம், மலச்சிக்கல். கடைசியில் மகள் வந்து "அம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சிருச்சு" என்பார், மறதிக்கும் ஒரு மாத்திரை சேரும். முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் மற்ற எதுவும் தேவைப்பட்டிருக்காது. வயதானவர்களுக்கு ஆகாத மருந்துகளின் பட்டியலான பியர்ஸ் கிரைட்டீரியா 1991-இல் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் தொடங்கியது, இப்போது அமெரிக்கன் ஜெரியாட்ரிக்ஸ் சொசைட்டி அதைப் புதுப்பித்து வருகிறது, 2023-இலும் ஒரு பதிப்பு வந்தது. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிற டைலனால் பி.எம்-இல் இருக்கிற டைஃபென்ஹைட்ரமின்கூட அதில் உண்டு.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பயன் இருக்கிறது. பிள்ளைகளோடு இருக்க வருகிற நம் ஊர் அப்பா அம்மாக்கள் பை நிறைய மாத்திரை அட்டைகளோடு வருவார்கள். அட்டையில் இருக்கிற பிராண்டு பெயர் இங்குள்ள டாக்டருக்குப் புரியாது. பல அட்டைகளில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற இரண்டு சர்க்கரை மருந்தும் ஒரே மாத்திரையில் இருக்கும். சாப்பாடு குறைந்துபோன எண்பது வயதுக்காரருக்கு கிளிமிபிரைடு சர்க்கரையை மணிக்கணக்கில் கீழேயே இழுத்து வைத்துவிடும். விரதம் இருக்கிறாரா, ராத்திரி வெறும் கஞ்சிதானா என்று தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள நம்மால் முடியும். பல நோய்களோடு தளர்ந்துபோன முதியவருக்கு ஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 8-க்குள் இருந்தாலே போதும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கமே சொல்கிறது. ஊரில் "ஏழுக்குக் கீழ கொண்டு வாங்க" என்று கேட்டுப் பழகிய மகனுக்கு இதைப் புரிய வைப்பதும் நம் வேலைதான்.

சரி, கிளினிக்கலுக்கு வருகிறேன். 2022-இல் வந்த நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கான தேசியத் தரநிலைகள், முன்பு 500 மணி நேரமாக இருந்த குறைந்தபட்ச நேரடி நோயாளிப் பராமரிப்பை 750 ஆக உயர்த்தின. டி.என்.பி என்கிற டாக்டரேட் வரை போனால் பி.எஸ்.என் (நர்சிங் இளங்கலைப் பட்டம்) முடித்த பிறகு மொத்தம் 1,000 மணி நேரம் வேண்டும். இந்த நேரம் முழுக்க ஒரு பிரிசெப்டர், அதாவது டாக்டரோ அனுபவமுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோ, உங்களைப் பக்கத்தில் வைத்துக் கற்றுக் கொடுக்க வேண்டும். அந்தப் பிரிசெப்டரைத் தேடும் பொறுப்பைப் பல ஆன்லைன் காலேஜ்கள் மாணவர் தலையில் கட்டிவிடுகின்றன. நான் படித்த இடத்திலும் அப்படித்தான். வேலை முடிந்து வந்து கிளினிக் கிளினிக்காக போன் போட்டேன், மெயில் அனுப்பினேன், பெரும்பாலும் பதிலே வராது. காசு கேட்கிறவர்களும் உண்டு. ஃபீஸ் வாங்குகிற காலேஜ் செய்ய வேண்டிய வேலை இது, இதை மாணவரிடம் தள்ளுவது அநியாயம் என்று எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. இதில் பெரிய இழப்பு படிப்புக்குத்தான். கிடைத்த இடம் போதும் என்று ஒத்துக்கொண்ட என் வகுப்புத் தோழி ஒருத்தி, நாற்பது வயதுக்காரர்களின் கொலஸ்ட்ராலையும் சைனஸையும் பார்த்தே ஒரு செமஸ்டரை ஓட்டினாள். சான்றிதழில் ஜெரன்டாலஜி என்று இருக்கும், டிமென்ஷியா உள்ளவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிய அனுபவம் இருக்காது.

எனக்கு அமைந்த பிரிசெப்டர்களில் ஒருவர் நர்சிங் ஹோமுக்கும் வீடுகளுக்கும் போய்ப் பார்க்கிறவர், நான் கற்றதில் பாதி அவரிடம்தான். நோயாளியை நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்வார், 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து என்று குறித்துக்கொள்வார். அப்புறம் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார். காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வரும், நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரும், "நேத்துலேருந்து ஒரு மாதிரி இருக்காங்க" என்று உதவியாளர் சொல்வதை லேப் ரிசல்ட் மாதிரியே எடுத்துக்கொள் என்பார். இதை எந்த வீடியோ லெக்சரிலும் கற்க முடியாது.

படித்து முடித்ததும் ஏ.என்.சி.சி அல்லது ஏ.ஏ.என்.பி.சி.பி என்கிற இரண்டு சான்றளிக்கும் அமைப்புகளில் ஒன்றின் போர்டு பரீட்சை எழுத வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலையில் எவ்வளவு சுதந்திரம் என்பது மாநிலத்தைப் பொறுத்தது: அரிசோனா, வாஷிங்டன் போன்ற இடங்களில் தனியாகவே பிராக்டிஸ் செய்யலாம், டெக்சாஸில் டாக்டரோடு ஒப்பந்தம் இல்லாமல் மருந்து எழுத முடியாது.

காலேஜோடு பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: பிரிசெப்டரை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா? என் மாநிலத்தில் இப்போது உங்கள் மாணவர்கள் எந்தெந்த இடத்தில் இருக்கிறார்கள்? அதில் நர்சிங் ஹோம், ஹோம் விசிட், மெமரி கிளினிக் எத்தனை? மழுப்பினால் அடுத்த காலேஜுக்குப் போங்கள். ஊரில் ஜி.என்.எம் (நர்சிங் டிப்ளமா) முடித்து வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் ஆர்.என்-டு-பி.எஸ்.என் என்கிற இணைப்புப் பட்டப் படிப்பை முடிக்க வேண்டியிருக்கும், அந்தக் காலத்தை வீணாக்காமல் உங்கள் மருத்துவமனைக்கு வருகிற ஜெரியாட்ரிக்ஸ் டாக்டர்களோடும் நர்ஸ் பிராக்டிஷனர்களோடும் இப்போதே பேசி வையுங்கள். ஒரு வருடம் கழித்து பிரிசெப்டராக வர முடியுமா என்று கேட்கும்போது, முகம் தெரிந்தவருக்குத்தான் சம்மதம் சொல்வார்கள்.