பிரதிகளை எண்ணினால் வாசகர் அகப்படுவாரா?

இதழியல் படிக்கும் மாணவர்கள் சிலர் தமது ஆய்வேட்டுக்கான வினாக்கொத்தை விநியோகிக்கும் முன் என்னிடம் காட்டுவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை "நீங்கள் ஒழுங்காக வாங்கும் பத்திரிகை எது?" என்ற கேள்வியோடு தொடங்குகின்றன. திருகோணமலையில் இந்தக் கேள்விக்கு "வாங்குவதில்லை" என்று பதிலளிப்பவர்களில் கணிசமானோர் நாள்தோறும் பத்திரிகை வாசிப்பவர்கள் என்பதுதான் சிக்கல். மத்திய வீதிப் பக்கத்துச் சலூன் ஒன்றில் கிடக்கும் ஒரே ஒரு வீரகேசரி, காலையில் கடை திறப்பதிலிருந்து மாலை வரை எத்தனை கைகளுக்கு மாறுகிறது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை. நடுத்தாள் தனியாகவும் விளையாட்டுப் பக்கம் தனியாகவும் பிரிந்து, முடி வெட்டுவதற்குக் காத்திருப்பவர்களுக்கிடையில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. வாங்கியவர் ஒருவர், வாசித்தவர்களுக்குக் கணக்கில்லை. வினாக்கொத்தை வைத்துப் பார்த்தால் அந்தச் சலூனில் ஒரு வாசகர்தான் இருக்கிறார்.

பத்திரிகை ஆய்வில் விற்பனையையும் வாசிப்பையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் புதிதன்று. இந்தியாவில் 1948 இல் தொடங்கப்பட்ட விற்பனைத் தணிக்கை அமைப்பு விற்ற பிரதிகளை எண்ணுகிறது. வாசகர் கணக்கெடுப்புகளோ வீடு வீடாகச் சென்று யார் வாசித்தார்கள் என்று கேட்கின்றன. விளம்பரதாரருக்கு இரண்டு கணக்கும் வேண்டும். ஆனால் வாசிப்பு என்ற செயல் எப்படி நடக்கிறது என்பதை இவ்விரண்டு எண்களும் சொல்வதில்லை. டொரொண்டோ பல்கலைக்கழக மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி, தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் தினத்தந்தி வாசிக்கப்படும் விதத்தை ஆராய்ந்தவர். ஒருவர் உரக்க வாசிப்பதும், கேட்பவர்கள் இடைமறித்துக் கருத்துச் சொல்வதும், அச்செய்தி மேலும் சிலரிடம் போவதும் சேர்ந்ததே அங்கே வாசிப்பு. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவருக்கும் புரியும் தமிழில் எழுத வேண்டும் என்ற எண்ணத்தோடு 1942 இல் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய பத்திரிகை அது. ஆகவே அதன் நடையே உரக்க வாசிப்பதற்கு இடம்கொடுத்தது. நம்முடைய வாசிகசாலைகளைப் பற்றி அப்படியொரு ஆய்வு வந்தால் நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

வாசகரைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்க ஆய்வாளர் பேர்னார்ட் பெரல்சன் செய்தது. 1945 ஜூன் 30 அன்று நியூயோர்க்கில் பத்திரிகை விநியோகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 17 நாள் நகரத்துக்குப் பத்திரிகை போகவில்லை. மக்கள் அச்சகங்களின் வாசலில் நீண்ட வரிசையில் நின்றார்கள். நகர முதல்வர் லாகார்டியா வானொலியில் சித்திரக் கதைகளை வாசித்துக் காட்டினார். அந்த நாட்களில் பெரல்சன் 60 பேரை நேரில் கண்டு, பத்திரிகை இல்லாததால் எதை இழந்தீர்கள் என்று கேட்டார். உலக விவகாரங்களை அறிய முடியவில்லை என்று பலர் சொன்னார்கள். எந்த விவகாரம் என்று துருவிக் கேட்டபோது பலரால் குறிப்பாக எதையும் சொல்ல முடியவில்லை. உண்மையில் அவர்கள் இழந்தது வானொலி நிகழ்ச்சி நிரலையும், கடைகளின் மலிவு விற்பனை விளம்பரத்தையும், மரண அறிவித்தல்களையும், பிறரோடு பேசுவதற்கான விஷயத்தையும், காலையில் கையில் எதையாவது வைத்து வாசிக்கும் பழக்கத்தையுமே. 1949 இல் வெளியான இந்தக் கட்டுரை இன்றும் பாடத்திட்டங்களில் இருக்கிறது.

17 நாள் தடையிலிருந்து இவ்வளவு கற்றுக்கொள்ள முடியுமென்றால், யுத்த காலத்தில் பாதை மூடப்பட்டும் ஊரடங்கு போடப்பட்டும் பத்திரிகை பிந்தியும் வராமலும் போன திருகோணமலை மாவட்டத்திலிருந்து எவ்வளவு கற்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும் வரை அந்தப் பக்கத்து வாசகரின் காலைப் பத்திரிகையும் துறையைக் கடந்தே போக வேண்டியிருந்தது. பழைய செய்தியை ஏன் காத்திருந்து வாசித்தீர்கள் என்று அந்தத் தலைமுறையினரிடம் இப்போதே கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.

வியாபாரப் பக்கத்துக்கு வந்தால், பத்திரிகை ஒரே பொருளை இரண்டு சந்தைகளில் விற்கிறது என்பது பொருளியலாளர் அடிக்கடி சொல்லும் விஷயம்: வாசகருக்குச் செய்தி, விளம்பரதாரருக்கு வாசகர். இதன் விளைவை 1960களில் சுவீடனில் லார்ஸ் புர்ஹோஃப் என்ற ஆய்வாளர் விளக்கினார். ஓர் ஊரில் இரண்டாம் இடத்தில் இருக்கும் பத்திரிகையை விட்டு முதலில் விளம்பரம் போகும். வருமானம் குறைந்ததும் பக்கமும் நிருபரும் குறைவார்கள். அதனால் வாசகர் விலகுவார். அவரைத் தொடர்ந்து மேலும் விளம்பரம் போகும். இதைத் தடுக்கவே 1971 முதல் சுவீடிஷ் அரசு இரண்டாம் இடத்துப் பத்திரிகைகளுக்கு மானியம் வழங்கியது. இலங்கையில் அரசு பத்திரிகையோடு கொண்ட உறவு வேறு வகையானது. 1973 இல் லேக்ஹவுஸ் நிறுவனம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததோடு, 1932 இல் தொடங்கிய தினகரனும் அதற்குள் வந்தது. அரச விளம்பரம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு இங்கே பத்திரிகைப் பொருளியல் பேச முடியாது. 2022 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டினால் அச்சுத்தாள் கிடைக்காமல் தி ஐலண்டும் திவயினவும் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் நிறுத்தியபோது, மேற்கத்திய மாதிரிகள் சுலபமாகக் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்ட கடதாசியே இங்கே முதலில் கணக்கில் எடுக்க வேண்டிய காரணி என்பது தெளிவாயிற்று.

பத்திரிகை நின்றுபோனால் ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு உண்டு. 2007 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்ட சின்சினாட்டி போஸ்ட் அப்போது சுமார் 27,000 பிரதிகளே விற்றது. ஆயினும் அது செய்தி சேகரித்த கென்டக்கிப் புறநகர்களில், அதன் பின்னர் உள்ளூர்த் தேர்தலில் போட்டியிடுவோர் குறைந்தனர், பதவியில் இருந்தவர்களே மீண்டும் வெல்வது கூடியது, வாக்களிப்பும் குறைந்தது. நாம் பெரும்பாலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சாகும் நாளேடுகளை வாசிக்கிறவர்கள். நமது பிரதேச சபையின் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பது பிராந்தியப் பக்கத்தில் நாலு வரியாக வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

அந்த நாலு வரியை யார் தீர்மானிக்கிறார்? 1950 இல் வெளியான ஓர் ஆய்வில் டேவிட் மானிங் வைட் என்ற ஆய்வாளர், அமெரிக்கச் சிறு பத்திரிகை ஒன்றின் செய்தி ஆசிரியர் ஒரு வாரத்தில் ஒதுக்கிய கம்பிச் செய்திகளையெல்லாம் (செய்தி நிறுவனங்கள் தந்தி வழியாக அனுப்பியவை) அவரிடமே கொடுத்து, ஒவ்வொன்றையும் ஏன் ஒதுக்கினீர் என்று எழுதச் சொன்னார். வந்தவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அச்சேறியிருந்தது. இடமில்லை, சுவையில்லை, ஏற்கெனவே போட்டாயிற்று என்பன காரணங்கள். நமது பிராந்திய நிருபர்களிடம் கேட்டால் இவை எல்லாம் வரும், ஆனால் இவற்றோடு முடியாது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுடர் ஒளிப் பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் இந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி ஏன் வெளிவருவதில்லை என்ற ஆய்வை இங்கே செய்பவர், வைட்டின் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து வினாக்கொத்தாக்கினால் முக்கியமான பதிலுக்கு அதில் கட்டமே இராது.

மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் தலைப்பு வேறொன்று. யாரும் சீந்தாத தலைப்பு. மரண அறிவித்தல்களை எடுத்துப் பாருங்கள் என்பேன். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையில் அதன் வாய்பாடு உறுதியானது: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் தாயாரும் ஆவார், பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், சுவிஸ், கடைசியில் "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்." குடிப்பெயர்வு, திருமண உறவு, தொழில், பதவி ஆகிய அனைத்தும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. பிறப்பிடத்தையும் வதிவிடத்தையும் பத்தாண்டுக்கு ஒருமுறை அட்டவணையிட்டால், திருகோணமலையிலிருந்து யார் எப்போது எங்கே போனார்கள், யார் வெளியூரிலிருந்து உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கினார்கள் என்பது தெரிய வரும். செலவும் அதிகமில்லை: 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்தில் ஈழத்துப் பழைய பத்திரிகைகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. பெரல்சன் காலத்திலிருந்தே வாசகர் தேடியதாகத் தெரியும் ஒரு பகுதி என்பதாலும், பத்திரிகைக்குக் காசு கொண்டுவந்த பகுதி என்பதாலும், வாசகர் ஆய்வும் வியாபார ஆய்வும் இதில் ஒன்றாகச் சேர்கின்றன. இப்போது அந்த அறிவித்தல்கள் இணையத்துக்கும் தெருவோரப் பதாகைகளுக்கும் மாறிவருவதால், எந்த ஆண்டுகளில் அவை பத்திரிகையை விட்டுப் போகத் தொடங்கின என்பதையும் அட்டவணையே காட்டிவிடும். ஒரு குறையை மட்டும் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட வேண்டும்: அறிவித்தல் போடுவதற்குப் பணமில்லாத குடும்பங்களின் மரணங்கள் இதில் இல்லை. அவற்றுக்கு மரணப் பதிவேட்டையும் கிராம அலுவலரையும் தேடிப் போக வேண்டியிருக்கும்.