எட்டுக்கு முன்னால் ஒரு சைக்கிள்

போன வருஷம் டூவீலர் லைசென்ஸுக்கு எட்டுப் போடப் போன எங்க அக்கா, முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிட்டார். அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை, என் ஓரகத்தி. 48 வயது. எல்.எல்.ஆர். எடுத்து, 30 நாள் காத்திருந்து, புதுவயலில் ஒரு ரைஸ்மில் களத்தில் மகன் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஸ்கூட்டர் பழகியவர்தான். நேராக விட்டால் கண்டனூர் வரைக்கும் போய்விடுவார். வளைக்கச் சொன்னால் இரண்டு காலும் தரைக்கு வந்துவிடும். டெஸ்ட் எடுத்த அலுவலர் கோபப்படவெல்லாம் இல்லை. “அடுத்த வாரம் வாங்கம்மா” என்றார். தோற்றவர்கள் 7 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். ஓட்டுகிற பரீட்சைக்கும் ‘எழுத’ என்றுதான் வாயில் வருகிறது, என்ன செய்ய.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். “அக்கா, நீங்க சின்னப்புள்ளையில சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?”

“எங்கத்தா... எங்க அய்யா தொடவே விடமாட்டாரு.”

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எட்டு போடும்போது முறுக்குகிற கைக்கு வேலை குறைவு, பேலன்ஸுக்குத்தான் வேலை அதிகம். சைக்கிளில் அது வந்தவர்களுக்கு ஸ்கூட்டர் ஒரு வாரப் பாடம். வராதவர்கள் 100 கிலோ வண்டியை வைத்துக்கொண்டு அ, ஆ படிக்கிறார்கள். அதனால் அக்காவை மறுபடி எட்டுக்கு அனுப்புமுன் சைக்கிளில் ஏற்றுவது என்று முடிவு செய்தேன். நீங்களும் 30, 40, 50 வயதில் இதைத் தொடங்க நினைத்தால், நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் பயிற்சியாளர் இல்லை. மூன்று பேர் கற்றுக்கொண்டதைக் கிட்டத்திலிருந்து பார்த்தவள், அவ்வளவுதான். அதில் ஒருத்தி நான்.

எனக்கு 9 வயது, 1988. பிறந்த ஊர் அரிமளம் பக்கம். வாடகை சைக்கிள் கடையில் இருந்த ஒரே சின்ன வண்டிக்கு எப்போதும் பையன்கள் அடிதடி. எனக்குக் கிடைத்தது பார் வைத்த பெரிய வண்டிதான், அதுவும் அண்ணன் பெயரில். கடைக்காரர் சுவரில் கரிக்கட்டையால் நேரம் எழுதிவைப்பார். அரைமணிக்கு மேலே போனால் அடுத்த அரைமணிக்கும் காசு. இதனாலேயே எங்கள் தலைமுறைக்குப் பரீட்சையில் கடைசி மணி அடிக்கும் பயம் அப்போதே பழகிவிட்டது.

குரங்குப் பெடல் எல்லோருக்கும் தெரியும். பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, இடுப்பை வெளியே தள்ளி, பாதிப் பெடல் பாதிப் பெடலாக மிதிப்பது. அதற்கு முந்தைய கட்டம் ஒன்று உண்டு. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இடது காலை இடது பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்திப் போவது. நாங்கள் ‘தத்துறது’ என்போம். முதல் நாள் நாலு தத்துக்கு ஒருமுறை வண்டி சாயும். மூன்றாம் நாள் ஒரு தத்துக்குப் பத்தடி ஓடும். சீட்டில் யாரும் உட்காரவில்லை, பெடலை யாரும் சுற்றவில்லை, ஆனால் பேலன்ஸ் வந்துவிட்டது. பின்னால் பிடிக்க ஆளும் தேவைப்படவில்லை. அண்ணனுக்கு என்னைப் பிடித்துக்கொண்டு ஓடும் பொறுமை இல்லாதது எனக்கு நல்லதாகப் போயிற்று. ஊருணிப் படியில் ஒருமுறை விழுந்து முழங்காலில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் விழுந்தது ஓட்டத் தெரியாமல் இல்லை. ஓட்டத் தெரிந்த திமிரில்.

இதே தத்துதலைத்தான் பெரியவர்கள் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். கால் எட்டுகிறதே என்று நேரே சீட்டில் ஏறி உட்கார்ந்து, கேரியரை ஒருவர் பிடிக்க, முதல் நிமிஷத்திலேயே பெடல் போடப் பார்க்கிறார்கள்.

எங்க அம்மா மாட்டிக்கொண்டதும் இங்கேதான். 1992, அம்மாவுக்கு 34 வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளையும் சேர்த்துவிட்டார்கள். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்பதால் அந்த யோகம் எங்களுக்கும் அடித்தது. லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது தட்டுப்பாடு. ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள், அதில் ஒரு வசதியும் கண்டுபிடித்தார்கள்: பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். எங்க அம்மாவும் பிற்பாடு தம்பியை அப்படித்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்.

ஆனால் முதல் பத்து நாள் அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. அறிவொளித் தொண்டர் பெண் ஒருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடுவார். பிடி இருக்கும்வரை அம்மா ராணி மாதிரி போவார். விட்டது தெரிந்த மறுகணம் தொப்பென்று விழுவார். பிடித்திருப்பவரின் கைதான் வண்டியை நிமிர்த்திக்கொண்டிருந்தது, அம்மாவின் உடம்பு எதையும் கற்கவில்லை.

பிறகு அம்மா தானாகவே ஒரு வழி பிடித்தார். எங்கள் தெருவில் பூட்டிக்கிடந்த ஒரு செட்டியார் வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பக்கச் சுவர் ஒரு தெருவையே நிரப்பிக்கொண்டு நேராக ஓடும். சன்னல்கள் உயரத்தில். ராத்திரி எட்டரை மணிக்கு மேல் அந்தச் சுவரில் இடது கையை வைத்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையை உந்தி உந்திப் போவார். நான் மூலையில் ஆள் வருகிறார்களா என்று காவல். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது உள்ளங்கை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. நாலாவது ராத்திரி பார்த்தேன், விரல் நுனியில் மட்டும்தான் வெள்ளை. அதற்கு அடுத்த ராத்திரி கையில் ஒன்றுமே இல்லை.

எனக்கு அப்போது 13. பாவாடை தாவணி போட்டதும் என்னை சைக்கிளிலிருந்து இறக்கிவிட்ட அதே வீடு, அம்மா ஏறியதும் வாயை மூடிக்கொண்டது. நானும் திரும்ப ஏறினேன்.

சரி, அக்காவுக்கு வருவோம்.

வீட்டுப் பின்கட்டில் மகளுக்கு ப்ளஸ் ஒன்னில் கிடைத்த அரசு சைக்கிள் டயர் இறங்கிக் கிடந்தது. பஞ்சர் ஒட்டினோம். சீட் நட்டைத் தளர்த்தி, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படியும் அளவுக்கு இறக்கினோம். நுனிக்கால் பட்டால் போதாது, குதிகாலும் பட வேண்டும். அதற்குப் பிறகு பெடல் இரண்டையும் கழற்றிவிட்டேன். இங்கே நான் ஒரு மணி நேரம் தோற்றேன். 15-ம் நம்பர் ஸ்பேனரில் வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கம் திருக, கழன்று வந்தது. இடது பெடலையும் அப்படியே திருகினால் இம்மி அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன். கடைசியில் உருட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனால் அந்தத் தம்பி சிரித்துவிட்டார். “அது ரிவர்ஸ் மரைக்கா. நீங்க இவ்வளவு நேரமும் டைட்டுதான் பண்ணியிருக்கீங்க.” மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாது என்று இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாகத்தான் இருக்குமாம். 35 வருஷம் ஓட்டியவளுக்கு இது தெரியவில்லை.

களம் நெல் இல்லாத நாளாகப் பார்த்துக்கொண்டோம். சிமெண்ட் தரை நல்லது. செம்மண் சரளையில் பழகாதீர்கள், பிரேக் பிடித்தால் சறுக்கும். காலை 20 நிமிஷம், மாலை 20 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். அசந்த உடம்பு பயத்தை மட்டும்தான் கற்றுக்கொள்ளும். சேலை வேண்டாம், சுடிதாரின் கால் பக்கம் ரப்பர் பேண்ட். ஷூ கட்டாயம். இந்த வயதில் விழுந்தால் சிராய்ப்போடு போகாது, அதனால் ஹெல்மெட்டும் போடவைத்தேன். பையன்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

முதல் மூன்று நாள் வெறும் நடை. சீட்டில் உட்கார்ந்தபடி நடப்பது, அப்புறம் இரண்டு காலாலும் உந்தி, காலைத் தூக்கி, போகிறவரை போவது. நான் தொடவே இல்லை. “பிடிச்சுக்கத்தா” என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பார். பக்கத்தில் நடந்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஒரு தப்பை மட்டும் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் புதியவர்கள் பதறி வலப்பக்கம் ஹேண்டில்பாரை ஒடிப்பார்கள். அத்தோடு விழுவார்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கொஞ்சம் திருப்ப வேண்டும். சக்கரம் சாய்கிற உடம்புக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அக்காவும் நம்பவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் அவர் கை தானாக அதைச் செய்தது. களத்தின் பாதி தூரம் கால் படாமல் போய்விட்டு, இறங்கி நின்று, “இப்ப என்ன பண்ணேன் நான்?” என்று என்னையே கேட்டார்.

இன்னொன்று, பார்வை. முன் சக்கரத்தைப் பார்த்தால் தள்ளாட்டம்தான். புளியமரத்தில் மோதிவிடுவோமோ என்று புளியமரத்தையே பார்த்தால் புளியமரத்துக்கே போய்ச் சேர்வீர்கள். ஏழாம் நாள் பெடலை மாட்டினோம். ஒன்பதாம் நாள் மில் வாசலிலிருந்து வீடுவரை ஓட்டி வந்துவிட்டார். மாமனார் திண்ணையிலிருந்து எழுந்து நின்றார். அவருக்கு சைக்கிள் என்றால் ஹெர்குலிஸ் மட்டும்தான். பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய கம்பெனி என்பதால் அதை ‘நம்மூர் வண்டி’ என்றே சொல்வார். “இது கவர்மெண்ட் வண்டியா, பரவாயில்ல” என்று உட்கார்ந்துகொண்டார். பாராட்டுதான் அது.

எட்டுக்குத் தயாராகும்போது சுண்ணாம்புக்கோடு போடலாம் என்றேன். அக்கா உள்ளே போய்க் கோலப்பொடி டப்பாவோடு வந்தார். 35 வருஷமாக வாசலில் சிக்குக்கோலம் போடுகிற கை. குனிந்த குனிப்பில் நாலு ஆள் அகலத்துக்கு ஒரு எட்டை வளைத்துவிட்டார். இரண்டு வட்டமும் அச்சாக ஒரே அளவு. முதலில் அதில் சைக்கிளை விட்டோம். மெதுவாகப் போகப் போகத்தான் கஷ்டம், வேகம் இருந்தால் வண்டி சாயாமல் தானே நிமிர்ந்து நிற்கும். எட்டில் வேகத்துக்கு இடம் இல்லை. அதனால் வளைவில் நுழையும்போதே கண் அந்த வளைவின் முடிவுக்குப் போயிருக்க வேண்டும். நடுவில் கோடு குறுக்கிடும் இடத்தில் வண்டியை நிமிர்த்தி, கண்ணை அடுத்த வளைவுக்கு மாற்ற வேண்டும். ஸ்கூட்டருக்கு மாறியதும் ஒன்றுதான் கூடுதல்: ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டுப் பிடிக்காமல் லேசாக ஒரே அளவில் வைத்துக்கொண்டு, இடது கையின் பின் பிரேக்கால் வேகத்தை அடக்குவது. முன் பிரேக்கை வளைவில் தொடவே கூடாது.

ஏழு நாளில் மறுபடி போகலாம்தான். நாங்கள் ஒரு மாசம் கழித்துப் போனோம். எல்.எல்.ஆருக்கு 6 மாசம் ஆயுள் உண்டே, என்ன அவசரம்? இந்தத் தடவை அக்கா எட்டை ஒருமுறை போட்டு, நிறுத்தச் சொல்வதற்குள் இரண்டாவது முறையும் போய்விட்டார். அலுவலர்தான் “போதும்மா, போதும்” என்று கையைக் காட்டினார்.

லைசென்ஸ் வந்தது. ஸ்கூட்டரை மகன் எடுத்துப் போய்விடுகிறான், அக்கா கடைக்கு இன்னும் அந்த அரசு சைக்கிளில்தான் போகிறார். யாராவது கற்றுக்கொள்ளக் கேட்டால் கொடுத்தும் விடுகிறார். கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பெடலைத் திரும்ப மாட்டும்போது அச்சின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருக்கும், பார்த்து மாட்டுங்கள். இடதை வலதில் வைத்து முறுக்கினால் கிராங்கின் மரை போய்விடும். போன மாசம் அடுத்த தெருவில் ஒருத்தர் அதைத்தான் செய்தார்.