பைல்-அப் மாதிரி: எதைப் பூட்டுவது, எதை விடுவது

சந்திரா எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் ஏசிஸ் கேமரா வழக்கமாக ஒரு ஃபிரேமுக்கு 3.2 விநாடி ஒளி வாங்கும். அதற்குள் ஒரே 3×3 பிக்சல் கட்டத்தில் இரண்டு ஃபோட்டான்கள் விழுந்தால் அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒன்றும் 1.5இல் ஒன்றும் வந்தால் 2.5இல் ஒரே நிகழ்வாகப் பதிவு செய்யும். இல்லையென்றால் மின்னூட்டம் பரவிய வடிவம் மாறிப்போய், காஸ்மிக் கதிர் என்று கழிக்கப்படும். எண்ணிக்கை குறையும், நிறமாலை உயர் ஆற்றல் பக்கம் சாயும். இதுதான் பைல்-அப்.

எம்87 விண்மீன் திரளின் மையத்தை வைத்து வேலை செய்கிறவள் நான். தரவோடு மாதிரியைப் பொருத்தும், அதாவது ஃபிட் செய்யும், மென்பொருள் ஷெர்பா. அதில் உள்ள ஜேடிபைலப், அதாவது பைல்-அப்புக்காக ஜான் டேவிஸ் 2001இல் வெளியிட்ட மாதிரி, என் அன்றாடக் கருவி. அதன் ஒவ்வொரு அளவுருவுக்கும் இயற்பியல் பொருள் உண்டு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. அந்தப் பொருளை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஃபிட்டின் போக்குக்கு விடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

ஃபிரேம் நேரம் தரவுக் கோப்பின் ஹெடரிலேயே இருக்கிறது. எக்ஸ்ப்டைம் என்ற வரியை எடுங்கள். டைம்டெல் வேண்டாம், அதில் ஃபிரேமை நகர்த்தும் 0.041 விநாடியும் சேர்ந்திருக்கும். டிஃபால்ட் மதிப்பு முழு ஃபிரேமுக்கானது. 0.4 விநாடித் தரவுக்கு அதை அப்படியே விட்டால் பைல்-அப் பல மடங்கு மிகையாகக் கணக்காகும். ஃபிராக்எக்ஸ்போ, அதாவது மூலம் வேலை செய்யும் பிக்சலில் விழுந்த நேரத்தின் பங்கு, தொலைநோக்கியின் சேகரிப்புத் திறனைச் சொல்லும் ஏஆர்எஃப் கோப்பில் கிடைக்கும். புள்ளி மூலம் என்றால் பைல்-அப்பைத் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளின் எண்ணிக்கை 1, ஒற்றை ஃபோட்டான் நல்ல நிகழ்வாகும் வாய்ப்பான ஜி-பூஜ்யமும் 1. இவை எல்லாவற்றையும் ஃபிட்டில் மாறாதபடி பூட்டிவிடலாம். பைல்-அப்புக்கு உள்ளாகும் பங்கைக் குறிக்கும் எஃப்-ஐ 0.85க்கும் 1க்கும் நடுவில் மட்டும் அசைய விடுவேன். முழுசாக விடுவது ஆல்ஃபா ஒன்றைத்தான்.

ஆல்ஃபா என்பது, கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் அந்த நிகழ்வு நல்ல நிகழ்வாகத் தப்பிக்கும் வாய்ப்பு. ஆல்ஃபா 0.5 என்றால் இரண்டு சேர்ந்தது பாதி வாய்ப்பில் தப்பும், மூன்று சேர்ந்தது கால் வாய்ப்பில். இதை பாய்சான் பரவலோடு சேர்த்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபிரேமுக்கு உண்மையில் 1.39 ஃபோட்டான் வரும்போது பதிவு 0.5 நிகழ்வு. அதுதான் உச்சம். மூலம் அதற்கு மேல் பிரகாசமானால் பதிவு குறைய ஆரம்பிக்கும். ஆக, 0.4 என்று பதிவானால் உண்மை 0.65 ஆகவும் இருக்கலாம், 2.57 ஆகவும் இருக்கலாம். நான்கு மடங்கு வித்தியாசம்! நிறமாலையின் வடிவம் ஓரளவு கைகொடுக்கும். ஆனாலும் ஆல்ஃபாவும் ஃப்ளக்ஸும் (மூலத்தின் உண்மைப் பிரகாசம்) ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு, ஃபிட் தவறான பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் ஆல்ஃபாவை 0.2, 0.5, 0.8 என்று வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கி ஓட்டுவேன். ஃபிட்டுக்கு, சீரற்ற இடங்களில் தேடிப் பார்க்கும் மாண்டி கார்லோ முறை மெதுவானதுதான், இருந்தாலும் இதற்கு அதுதான் சரி.

எம்87க்கு ஒரு நல்ல விஷயம் உண்டு. 2000 ஜூலையில் அதை 3.2 விநாடி ஃபிரேமிலும் எடுத்தார்கள், 0.4 விநாடி ஃபிரேமிலும் எடுத்தார்கள். மேலே சொன்ன இரண்டு விடைகளையும் எட்டால் வகுத்தால், அதே ஆல்ஃபாவுக்கு, 0.4 விநாடியில் ஒன்று ஃபிரேமுக்கு 0.08 நிகழ்வு தரும், மற்றது 0.25 தரும். எது உண்மை என்று அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் மூலத்துக்கும் இப்படி ஒரு குறுகிய ஃபிரேம் தரவு இருக்கிறதா என்று காப்பகத்தில் முதலில் தேடுங்கள்.

அப்புறம், எச்எஸ்டி-1. எம்87இன் மையத்திலிருந்து பீறிடும் ஜெட்டில், அந்த மையத்திலிருந்து ஒரு ஆர்க்விநாடிக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் முடிச்சு. இரண்டுக்கும் நடுவே இரண்டு பிக்சல்கூட இல்லை. 2005இல் அது மையத்தையே மிஞ்சிப் பிரகாசித்தது, 0.4 விநாடியிலும் பைல்-அப். ஒன்றின் ஃபோட்டான் மற்றதன் கட்டத்துக்குள் விழுந்து நிகழ்வைக் கெடுக்கும். தனி ஒரு புள்ளிக்காக எழுதிய மாதிரியில் இதற்கு இடமில்லை, எஃப்-ஐ எவ்வளவு அசைத்தாலும் வராது. இந்த ஜெட்டை ஆராய்ந்த வானியலாளர் டான் ஹாரிஸின் குழு வேறு வழியில் போனது: கிரேடு வடிகட்டலுக்கு, அதாவது மின்னூட்ட வடிவத்தைப் பார்த்துக் கழிப்பதற்கு, முந்தைய கோப்பை எடுத்து, நிகழ்வுகளை எண்ணாமல், விநாடிக்கு எவ்வளவு ஆற்றல் பதிவானது என்று கூட்டினார்கள். இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றாகிப் போனாலும் அவற்றின் ஆற்றல் அந்தக் கூட்டுத்தொகையில் இருக்குமே. அந்த வருடத் தரவுக்கு நானும் அதைத்தான் செய்கிறேன்.